டேட்டோனா 1959: இரண்டடி வெற்றியும் மூன்று நாள் தாமதமும்

முதல் டேட்டோனா 500 பந்தயம் 1959 பிப்ரவரி 22 ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதை வென்றவர் லீ பெட்டி என்பது 25ஆம் தேதி புதன்கிழமைதான் உறுதியானது. இத்தாமதத்துக்கு ஒரு விளக்கம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது: பந்தயத்தை நடத்திய பில் ஃபிரான்ஸ், வென்றவரைத் தெரிந்துகொண்ட பின்னும், செய்தித்தாள்களில் பேச்சு அடங்கிவிடக் கூடாது என்பதற்காக அறிவிப்பை இழுத்தடித்தார் என்பது. நாஸ்கார் கார்ப்பந்தய வரலாற்றைப் பேசுவோர் பலரும் இதைச் சான்றே தேவைப்படாத செய்திபோல் எடுத்தாள்கின்றனர். இக்கட்டுரை அதை மறுக்கிறது.

இழுத்தடிப்பு வாசிப்புக்கு வலு சேர்ப்பது ஒன்றே: தாமதத்தால் ஃபிரான்ஸுக்கு ஆதாயம் இருந்தது. பெருங்கடனில் எழுப்பிய இரண்டரை மைல் ஓடுதளம், 31 பாகை சரிந்த வளைவுகள், அம்மாதம்தான் திறப்பு. மூன்று நாள் இலவச விளம்பரம் யாருக்குக் கசக்கும்? ஆனால் ஒருவருக்கு ஆதாயம் கிடைத்தது என்பதால் அவர் அதைத் திட்டமிட்டார் என்று ஆகிவிடாது. அதைவிட, இவ்வாசிப்பு ஓர் எளிய செய்தியைக் கடந்து செல்கிறது. முடிவுக்கோட்டருகே நின்று பார்த்தவர்களில் ஃபிரான்ஸும் ஒருவர். அவரும் கொடி அசைத்த ஜானி புரூனரும் ஜானி பீச்சம் வென்றதாகவே கண்டனர். பீச்சம் வெற்றி மேடையில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். ஆகவே லீ பெட்டியின் பெயரை அறிவிப்பதென்றால், ஃபிரான்ஸ் தம் கண் பிழைத்ததை ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். விளம்பரத்துக்கு நாடகம் ஆடுபவர் தம்மையே அதில் தோற்கும் பாத்திரமாக்கிக்கொள்வாரா? அப்படியும் செய்திருக்கலாம்தான். ஆனால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு சொல்பவர்களுடையது.

இனி, நிழற்படக் கலைஞர் டி. டெய்லர் வாரன் முடிவுக்கோட்டில் எடுத்த படத்துக்கு வருவோம். அதில் இருப்பவை இரண்டு கார்கள் அல்ல, மூன்று: உட்புறத்தில் பீச்சமின் 73ஆம் எண் தண்டர்பேர்ட், நடுவில் பெட்டியின் 42ஆம் எண் ஓல்ட்ஸ்மொபில், வெளிப்புறத்தில் ஜோ வெதர்லியின் 48ஆம் எண் ஷெவர்லே. வெதர்லி சுற்றுக்கணக்கில் பின்தங்கியவர். வெற்றிப் போட்டியில் அவருக்கு இடமில்லை. ஆனால் குழப்பத்தில் அவருக்குப் பெரிய இடம் உண்டு என்பது என் கருத்து. வெளிப்புறத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது வெதர்லியின் கார். நடுவிலிருக்கும் பெட்டியின் கார் அதற்குப் பின்னால் மறைகிறது. உட்புறத்திலிருந்து பார்த்தாலோ பீச்சமின் கார் முன்னே நிற்கிறது. கோட்டின் நேர்நீட்சியில் நின்றவரைத் தவிர மற்ற எவருக்கும் கோணப்பிழை தவிர்க்க முடியாதது. வாரனின் கேமராவுக்கும் இது பொருந்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒற்றை நிழற்படம் பெட்டியின் முந்தலைக் காட்டலாம்; கோட்டைத் தொட்ட கணத்தில் அந்த முந்தல் இருந்ததா என்பதை அது மட்டுமே நிறுவாது.

எனவேதான் ஃபிரான்ஸ் கிடைத்த படங்களையெல்லாம் கேட்டு வாங்கினார். ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் செய்திப்படச் சுருளே இறுதிச் சான்றானது. கணக்கு போட்டுப் பார்க்கலாம். பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 135.521 மைல், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 199 அடி. பெட்டி முந்தியதாகச் சொல்லப்படும் இரண்டடி ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கார் எட்டடிக்கு மேல் நகர்ந்துவிடும். கோட்டைத் தொடும் கணம் சுருளில் பதியாமலே போகலாம். ஆனால் கோட்டுக்கு முந்தைய சட்டத்திலும் பிந்தைய சட்டத்திலும் ஒரே கார் முன்னே இருந்தால் வழக்கு முடிந்தது. ஒற்றை நிழற்படம் தர இயலாததை இரண்டு சட்டங்கள் தருகின்றன. படச்சுருளைக் கழுவி, அனுப்பி, பார்ப்பதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்தால், மூன்று நாள் சூழ்ச்சியின் அளவாகத் தோன்றவில்லை; குதிரைப் பந்தயங்களில் 1930களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட முடிவுக்கோட்டுக் கேமராவை வைக்காத ஒரு களத்தின் குறையாகவே தோன்றுகிறது.

பெட்டி நாஸ்காரின் உள்வட்டத்தவர், 1954, 1958 ஆண்டுகளின் சாம்பியன். பீச்சமோ அயோவா மாநிலத்திலிருந்து வந்தவர். ஆகவே தீர்ப்பு ஒருபக்கச் சார்புடையது என்ற ஐயமும் உண்டு. ஜான் ஹேவிக் 2013இல் வெளியிட்ட நூல் பீச்சமையும் அவரது ஹார்லன் ஊர்த் தோழர்களையும் மறதியிலிருந்து மீட்டது. அந்தக் கடனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் சார்பு இருந்திருந்தால் அது ஞாயிறன்றே வேலை செய்திருக்கும்; அன்று கோப்பையைப் பெற்றவர் வெளியூர்க்காரர்தான்.

இத்தீர்ப்போடு கண்ணின் அதிகாரம் ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டு ஜூனில் அட்லான்டாவின் லேக்வுட் களத்தில் வெற்றிக்கொடி பெற்றவர் ரிச்சர்ட் பெட்டி. தந்தை லீ எதிர்ப்புத் தெரிவிக்க, கையால் எழுதிய சுற்றுக்கணக்கு அட்டைகளைச் சரிபார்த்து வெற்றியைத் தந்தைக்கே மாற்றினர். அங்கே படத்துக்கு வேலையே இல்லை. படம் தேவைப்படுவது இடைவெளி மனிதக் கண்ணுக்கு எட்டாதபோது மட்டும். 2024 மே மாதம் கான்சாஸ் பந்தயத்தில் மின்னணுக் கணக்கு முதலில் கிறிஸ் பியூஷரை முன்னே காட்டியது. முடிவுக்கோட்டுப் படமோ கைல் லார்சன் 0.001 நொடியில் வென்றதாகத் தீர்த்தது. ஒரு கருவி சொன்னதை மற்றொரு கருவி திருத்தச் சில நிமிடங்களே ஆயின.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. முடிவு 61 மணி நேரம் கழித்து வந்ததென்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஞாயிறு நண்பகலிலிருந்து எண்ணினால் அது புதன் அதிகாலை ஒரு மணி. மாலை ஆறிலிருந்து எண்ணினால் காலை ஏழு. பத்திரிகைகளுக்கு அறிவிப்பு தரும் வேளைகளாக இவை தோன்றவில்லை. 61 என்ற எண் அறிவிப்பைக் குறிக்காமல், ஃபிரான்ஸ் முடிவுக்கு வந்த நேரத்தைக் குறிக்கலாம். எண்ணியதிலேயே பிழையும் இருக்கலாம். முன்னது சரியென்றால், தெரிந்தும் வெளியிடாத சில மணி நேரத்தை இழுத்தடிப்பு வாசிப்புக்கு விட்டுக்கொடுக்க நான் தயார். மூன்று நாளையும் அல்ல.