காதுக்குள்ள ஒரு டோஸ் மீட்டர்

மலேரியாவுக்கு குயினைன் சாப்பிடற ஒருத்தர், "டாக்டர், காதுல கொய்ங்னு சத்தம் கேக்குது"ன்னு சொல்றார். நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த டாக்டர் இதுக்குப் பதறியிருக்க மாட்டார். மருந்து உடம்புல போதுமான அளவு ஏறிடுச்சுன்னுதான் எடுத்துக்குவார்.

காரணம் எளிமையானது. ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு அளக்க அன்னைக்கு வசதி கிடையாது. சின்கோனா மரப்பட்டையை அப்படியே பொடிச்சுக் குடுத்த காலத்துல நிலைமை இன்னும் மோசம், ஏன்னா மரத்துக்கு மரம் வீரியம் மாறும். 1820-ல பாரீஸ்ல பெல்லட்டியேவும் காவான்டுவும் பட்டையிலிருந்து குயினைனைத் தனியா பிரிச்சாங்க. 1860-ல கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவுல இருந்து சின்கோனா செடிகளை ஊட்டிக்குக் கொண்டுவர ஏற்பாடு பண்ணினார். அதுக்கப்புறம் நம்ம நீலகிரியிலயே தோட்டம், நடுவட்டத்துல அரசு குயினைன் ஃபேக்டரின்னு வளர்ந்துச்சு. 1892-ல இருந்து வங்காளத்துல போஸ்ட் ஆபீஸ்லயே குயினைன் பொட்டலம் வித்தாங்க. மருந்து வீடு வரைக்கும் போயிடுச்சு, அதை அளக்கற கருவி மட்டும் வரல. அந்த வேலையை நோயாளியோட காது பாத்துச்சு. காதிரைச்சல், தலைவலி, குமட்டல் எல்லாம் சேர்ந்த அந்த நிலைக்கு சின்கோனிசம்னு பேரே இருக்கு.

ஆஸ்பிரின் குடும்பத்துலயும் இதே கதைதான். மூட்டுவாதத்துக்குக் காது இரையற வரைக்கும் டோஸை ஏத்து, அப்புறம் கொஞ்சம் குறை. இதை ஒரு முறையாவே வச்சிருந்தாங்க. எஞ்சினியரா எனக்கு இதுல ஒரு கேள்வி வருது: சென்சாரே ஏற்கெனவே பழுதா இருந்தா? வயசாகி காது மந்தமான ஆளுக்கு அந்த இரைச்சல் கேக்காமலே போகலாம். மருந்து பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும்.

குயினைனையோ ஆஸ்பிரினையோ நிறுத்தினா இரைச்சல் பெரும்பாலும் அடங்கிடும். அந்த தைரியத்துலதான் இந்த முறையே ஓடுச்சு.

1943-ல அமெரிக்காவுல, வாக்ஸ்மன் ஆய்வகத்துல ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிச்செடுத்தார். காசநோயை நிஜமாவே அடிச்ச முதல் ஆன்டிபயாடிக். கொஞ்ச நாள்லயே நோயாளிகளுக்குத் தலைசுத்தல், தள்ளாட்டம். ஆபத்து குறையும்னு நம்பி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் கொண்டுவந்தாங்க. அது நேரா கேக்கற சக்தியையே பறிச்சுது.

இங்க வர்ற இரைச்சலும் காதுக்கு அதே சத்தம்தான், ஆனா அர்த்தம் வேற. இந்த மருந்துகள் உள்காதோட மயிர்ச்செல்களையே கொல்லுது. மனுஷனுக்கு அது திரும்ப முளைக்காது. முதல்ல போறது உச்ச ஸ்தாயி ஒலிகள், அதனால சாதாரணப் பேச்சுல எதுவும் குறைஞ்ச மாதிரியே தெரியாது. இரைச்சல் வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். ஊசியைத் தானா நிறுத்தினா காசநோய் திரும்பும், சொல்லாம தொடர்ந்தா காது போகும். பிழைக்கணும்னா காதைப் பணயம் வைக்கணும்னு நிறைய பேருக்கு இருந்துச்சு.

அதே வகையைச் சேர்ந்த கனமைசின் ஊசியை, மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இனி வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2019 வழிகாட்டுதல்லதான். இப்போ அந்த இடத்துல மாத்திரைகள்.