நூலகத்துக்குள் வந்த காந்தம்

செஞ்சிக்கோட்டையைக் காண வருவோரிற் பெரும்பாலோர் ராஜகிரியின் உச்சியோடு திரும்பிவிடுகின்றனர். அவ்வட்டாரத்துத் தொண்டூரில், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், பார்சுவநாதரின் திருவுருவமும், சமண முனிவருக்கெனச் செதுக்கிய கற்படுக்கைகளும் கொண்ட குன்றொன்று, கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறத்தின் இருப்பிடமாக விளங்கிற்று என்பதை அறிந்தவர் சிலரே. ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம் என்று சமணர் போற்றிய நான்கு தானங்களுள் இறுதியானது ஏடுகளைப் படியெடுத்து வழங்கும் புண்ணியம். அம்மரபின் சேமிப்பாக இப்பகுதியைச் சேர்ந்த மேல்சித்தாமூர் மடத்தில் ஓலைச்சுவடிகள் காக்கப்பட்டு வந்துள்ளன.

அந்தச் சாஸ்திர தானம் நம் காலத்தில் பொதுநூலகமாக வடிவெடுத்தது. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட 1931ஆம் ஆண்டிலேயே, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சென்னைப் பொதுநூலகச் சட்டம், வீட்டுவரியில் ரூபாய்க்கு அரையணா நூலகத் தீர்வையென விதித்து, எளிய குடியானவனையும் சாஸ்திர தானம் செய்பவனாக்கியது. இதைவிடச் சிறந்த வரி ஒன்றை நான் அறியேன்.

ஆயினும் நூலகம் நெடுங்காலம் மௌனமாக வாசிப்பவனுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதைக் கடந்த பிள்ளைகள் பரீட்சைப் புத்தகத்தோடு அங்கே வந்து, பரீட்சை முடிந்ததும் மறைந்து போயினர். நூலகம் வளரும் உயிர் என்று கருதிய அரங்கநாதனின் ஐந்தாம் விதியை மெய்யாகவே ஏற்பவர்கள், அப்பிள்ளைகளின் கைகளுக்கும் அங்கே வேலை கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அதற்கான வழியை மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் 1972இலேயே காட்டியது: பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், விலையுயர்ந்த கருவிகளை எதிர்பாராமல், சுற்றிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கினார்கள். பின்னர் அங்கு சென்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, குப்பையிலிருந்து விளையாட்டுக் கருவிகள் செய்யும் கலையைப் பாரதமெங்கும் பரப்பினார். தமிழகத்தில் 1980இல் தோன்றிய அறிவியல் இயக்கமும், அதன் ‘துளிர்’ என்னும் சிறுவர் மாத இதழும் அத்திசையிலேயே உழைத்தன.

இவ்வேலைக்குக் காந்தம் போல உகந்த பொருள் வேறில்லை. பண்டை மருத்துவர் சுசுருதர் உடலில் தைத்த இரும்புத் துணுக்கை இழுக்க அயஸ்காந்தத்தைப் பயன்படுத்தினார். சித்த வைத்தியர் காந்தத்தைச் செந்தூரமாக்கினர். இவ்வளவு பழமையான அப்பொருள் பிள்ளைகளின் கைக்கு எட்டியது அண்மையில்தான்: நிக்கலும் கோபால்டும் கலந்த பழைய காந்தங்களின் விலை மிகுதியாயிருக்க, இரும்பு ஆக்ஸைடை மூலப்பொருளாகக் கொண்ட பெரைட் காந்தம் 1950களில் உருவானபின், பழுதான ஒலிபெருக்கியைப் பிரித்தாலே ஒரு வளையம் கிடைக்கலாயிற்று.

அதைக்கொண்டு தையலூசியொன்றை ஒரே திசையில் பலமுறை தேய்த்து, நெட்டித் துண்டின்மேல் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அது தானாகவே வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். செருப்பு ரப்பரில் நான்கு சிறு வளையக் காந்தங்களை ஊன்றி, பென்சிலில் இரண்டைக் கோத்து மேலே நிறுத்தினால், கூர்முனை மட்டும் ஓர் அட்டையைத் தொட, பென்சில் அந்தரத்தில் சுழலும். அட்டையைத் தொடாமல் அது ஏன் நிலைப்பதில்லை என்று கேட்கத் தொடங்கும் பிள்ளை, அலமாரியிலுள்ள புத்தகத்தைத் தானே தேடி எடுப்பான்.

இவ்வளவுக்கும் வேண்டுவது ஒரு மேசையும், சிறிது ரப்பரும், பழைய ஒலிபெருக்கிகளும்தான். ஒரு சங்கதியில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: இப்போது கடைகளில் மலிந்துவிட்ட குண்டுமணி அளவான, மிக வலிய நியோடிமியக் காந்தங்களை அந்த மேசைக்குக் கொண்டுவரலாகாது; ஏனெனில் அண்ணன்மாரோடு வரும் சிறு பிள்ளைகள் இரண்டை விழுங்கினால், அவை ஒன்றையொன்று இழுத்து, இடையே அகப்பட்ட குடலின் சுவர்களை நெரித்துக் கிழித்துவிடும்.