நாம் “டவுன்” என்று சொல்லும் இடம்: தெருப் பெயர்களுக்குள் ஒரு வரலாறு



“டவுனுக்குப் போயிட்டு வாறன்” என்று தினமும் சொல்கிறோம். அந்த டவுன் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது? ஏன் தெருக்கள் அவ்வளவு நெருக்கம்? கோட்டைப் பக்கம் மட்டும் ஏன் அவ்வளவு பெரிய வெளி? வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இவை. பாடப்புத்தகத்தில் கண்டி உண்டு, காலி உண்டு, நமது நகரத்துக்கு இரண்டு மூன்று வரிதான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். பழைய திருகோணமலை நகரம் ஒரு கழுத்துப் போன்ற நிலத்துண்டு. ஒரு பக்கம் அலையடிக்காத ஆழமான உள்துறைமுகம். மறுபக்கம் திறந்த கடல். கிழக்கு முனையில் சுவாமி மலை. இந்தத் துறைமுகத்தைப் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கை வைத்தது அந்த முனையில்தான்.

1620 இல் டென்மார்க் நாட்டுக் கப்பல்கள் வந்து எட்டிப் பார்த்தன. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாயிலில் இன்றும் இரட்டை மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. 1639 இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782 இல் ஒரே ஆண்டுக்குள் இரண்டு கைமாற்றம்: ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன். அடுத்த ஆண்டுச் சமாதானத்தில் அது மீண்டும் ஒல்லாந்தருக்குப் போனது. 1795 இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். 1803 இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கோட்டைதான் நகரத்தின் உருவத்தைத் தீர்மானித்தது. கோட்டைக்கு முன்னால் வீடு கட்ட விடமாட்டார்கள், பீரங்கிக்குப் பார்வை மறையக் கூடாது என்பது அந்தக் கால இராணுவ வழக்கம். இன்று மான்கள் மேய, பிள்ளைகள் பந்தடிக்கும் வெளி அந்த வழக்கத்தின் மிச்சம். தெற்கே டொக்யாட் பக்கம் கடற்படைக்கு. ஆக, கிழக்கும் தெற்கும் படைக்குப் போக, நடுவில் எஞ்சிய துண்டில்தான் சனங்களின் நகரம் வளர்ந்தது. நெருக்கத்துக்குக் காரணம் அதுதான்.

டொக்யாட் வீதியோரம் இருக்கும் பழைய மயானத்தைத் தாண்டி எத்தனை தரம் போயிருப்போம்! உலகமே வாசிக்கும் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852 இல் பர்மாவில் இறந்து அங்கேதான் அடக்கப்பட்டார். வியாழன் கோளை நுட்பமாக ஆராய்ந்த வானியலாளர் மோல்ஸ்வேத் தொலைநோக்கி வைத்துப் பார்த்ததும், 1908 இல் இறந்ததும் இந்த ஊரில்தான். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். அதைத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்?

இனிப் பெயர்களுக்கு வருவோம். பட்டணத்தெரு, பெருந்தெரு, பெரியகடை, மடத்தடி, வில்லூன்றி, சோனகவாடி, திருக்கடலூர். ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. பெரியகடை என்றால் வியாபாரம். மடத்தடி என்றால் வழிப்போக்கர் தங்கிய மடம். வில்லூன்றியில் கந்தசுவாமி கோயில். சோனகவாடியில் சோனகரும் இருக்கிறார்கள், வாடியும் இருக்கிறது. வாடி என்பது கரையில் தொழிலுக்காக அடிக்கும் கொட்டில். கடலோடு பிழைத்த நம்மவர் இந்த நகரத்தில் நேற்று வந்தவர்கள் அல்ல என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும். அதேபோல் பெருந்தெருவும் மடத்தடியும் தமிழ்ச் சகோதரர்களின் வேரைச் சொல்கின்றன. ஆங்கிலேயர் ‘ஓர்ஸ் ஹில்’ என்ற மேட்டை நாம் உவர்மலை என்கிறோம். மட்கோவ் என்ற ஆங்கிலப் பெயரோ அப்படியே நம் வாய்க்குள் வந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டு நகரத்தை வெளியே இழுத்தது. 1927 இல் ரயில் வந்தது. சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. யுத்தம் முடிந்த பிறகும் டொக்யாட் சம்பளத்தில்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதும் அந்தச் சம்பளம் போனது. துறைமுகம் அங்கேயேதான் இருந்தது. வேலைதான் இல்லை. ஒரே முதலாளியை நம்பிய நகரத்துக்கு நடப்பது இதுதான்.

நகரம் கழுத்துக்குள் கொள்ளாமல் மேற்கேயும் வடக்கேயும் பரவியபோது நம் பாலையூற்றும் அதோடு சேர்ந்தது. பாலை மரமும் ஊற்றும் நம் பெயரிலேயே இருக்கின்றன. லூர்து அன்னை திருத்தலத்துக்கு வரும் சனங்களால் ஊர் வெளியிலும் அறியப்பட்டது. நிர்வாகத்தில் நாம் ‘பட்டினமும் சூழலும்’ பிரதேசம். அந்தச் ‘சூழல்’ நாம்தான். பட்டினத்தின் கதை நம் கதையும்தான்.

இன்னொரு மாற்றத்தை நம் கண்ணாலேயே பார்த்தோம். மூதூர்ச் சனங்கள் லோஞ்சில் வந்து இறங்கி, சாமான் வாங்கி, பின்னேர லோஞ்சுக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்த பின், பாதைக்குக் காத்து நின்ற கிண்ணியாச் சனங்களும் பஸ்ஸில் நேரே வந்தார்கள். இறங்குதுறையை நம்பிய வியாபாரம் சுருங்கியது, பஸ் நிலையப் பக்கம் பெருத்தது. ஒரு பாலம் ஒரு கடைத்தெருவையே இடம் மாற்றும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம்? “இது யாருடைய ஊர்?” என்ற சண்டை அடிக்கடி எழுகிறது. ஆளுக்கொரு துண்டு வரலாற்றைத் தூக்கிக்கொண்டு மற்றவரை வந்தேறி என்கிறார்கள். தெருப் பெயர்களைச் சேர்த்து வாசித்தால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. கோயிலும் வாடியும் மடமும் தேவாலயமும் ஒரே சிறிய நிலத்துண்டில் தோளோடு தோள் நிற்கின்றன. 2012 குடிசனக் கணக்கில் மாவட்டத்தில் 379,541 பேர். மூன்று இனத்தில் எந்த ஒன்றும் பாதியைத் தொடவில்லை. ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு வாழ முடியாத ஊர் இது.

ஆனால் பெயர்கள் மறைகின்றன. பிள்ளைகளுக்கு ‘என்.சி. றோட்’ தெரியும், மடத்தடி தெரியாது. ஒரு பெயர் போனால் அதற்குள் இருந்த சாட்சியும் போகும்.

ஆகவே ஒரு சின்ன வேலை. இந்த விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் உள்ள வாப்பும்மா, மூத்தவாப்பா, பக்கத்து வீட்டு அம்மம்மா, அப்பப்பாவிடம் அனுப்புங்கள். உங்கள் ஒழுங்கைக்கு முன்பு என்ன பெயர், குடிநீர் எந்தக் கிணற்றில் அள்ளினீர்கள், டவுனில் எந்தக் கடைக்குப் போனீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். கொப்பியில் எழுதி, திகதியும் போடட்டும். கீழே பின்னூட்டத்திலும் போடுங்கள். இன்ஷா அல்லாஹ், பாலையூற்றுக்கென்று ஒரு பெயர்ப் பட்டியலை நாமே தொகுப்போம். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.