புள்ளி உதிர்ந்த பொங்கல் வாழ்த்து

பொங்கல் திருநாளுக்குப் பத்து நாள் முன்னர்ச் சிதம்பரத்தில் என் மகள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைக் கூறி இவ்வுரையைத் தொடங்குகின்றேன். என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவளுடைய சித்தப்பா ஸ்டிக்கர்க் கடை வைத்திருப்பவர். வண்டிகளுக்கு எண்ணும் பெயரும் வெட்டி ஒட்டித் தருவது அவர் தொழில். கடையிலிருந்த சிறிய ‘கட்டிங் மெஷின்’ ஒன்றை விடுமுறைக்கு அவளிடம் கொடுத்திருந்தார். கணிப்பொறியில் வரைந்த உருவத்தை அப்படியே அட்டையில் வெட்டித் தரும் பொறி அது. கடலூர் முதுநகரில் வாழும் என் தமக்கையாருக்குத் தன் கையாலேயே பொங்கல் வாழ்த்து செய்து அனுப்ப வேண்டும் என்பது அவள் ஆவல்.

சிவப்பு அட்டையில் எழுத்துகளை வெட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் அட்டையின்மேல் ஒட்டினாள். “தாத்தா, எப்படி இருக்கிறது, பாருங்கள்” என்று என் கையிற் கொடுத்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளதை உள்ளவாறே உரக்கப் படித்தேன்: “பொஙகல வாழதது.”

அவள் முகம் வாடிவிட்டது. புள்ளி நான்கும் எங்கே போயின? தேடிப் பார்த்தோம். அட்டையைப் பிடித்துக்கொள்ளும் பசை விரிப்பில், கழிவுத் துணுக்குகளோடு கடுகு போல அவை ஒட்டிக்கிடந்தன. எழுத்தைத் தொடாமல் மேலே தனித்து நிற்பது புள்ளி. கத்தி அதனைத் தனித் துண்டாகவே வெட்டிவிட்டது. எழுத்தை எடுத்தவள் புள்ளியை எடுக்க மறந்தாள், அவ்வளவுதான். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தமிழ் எழுத்துக்குப் புள்ளி உதிர்வது இது முதன்முறை அன்று என்பது நினைவுக்கு வந்தது.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். எகரமும் ஒகரமும் குறிலாயின் அவையும் புள்ளி பெறும் என்பது அந்நூலின் விதி. ஆனால் பனையோலைச் சுவடிகளைப் பாருங்கள், அவற்றுட் பெரும்பாலானவற்றில் புள்ளியே இராது. கூரிய எழுத்தாணியால் ஓலையில் கோடு இழுக்கலாம். ஓரிடத்தில் அழுத்திக் குத்தினால் ஓலை துளைபடும், நாளடைவில் அவ்விடத்தில் கிழியும். ஆகவே ஏடெழுதுவோர் புள்ளியை விட்டனர் என்பர் அறிஞர். எழுதியவனுக்கு அது எளிமை. படிப்பவனுக்கோ பெருந்தொல்லை.

ஒரு சான்று கூறுகிறேன். சுவடியில் ‘எரி’ என்று எழுதியிருக்கிறது. புள்ளியிட்டு எழுதும் வழக்கமிருந்தால் குறில் எது, நெடில் எது என்பது விளங்கிவிடும். புள்ளி இல்லையேல் அது நெருப்பாகிய எரியா, சிதம்பரத்துக்கு மேற்கே பரந்து கிடக்கும் வீராணம் போன்ற ஏரியா? நெருப்புக்கும் நீருக்கும் இடையே நிற்பது ஒரு புள்ளி! போதாக்குறைக்கு, ஓலையிலே காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ‘கர’ என்று இருப்பதை ‘கா’ என்றும் படிக்கலாம். இத்தகைய ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அப்பெருமகனார் 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பிற்காலத்தில் அக்கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தேர்வில் ஒற்றுப்பிழைக்கு நான் மதிப்பெண் குறைத்தபோதெல்லாம் முணுமுணுத்த என் பழைய மாணவர்கள் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாயின் இப்போதாவது என்னை மன்னிப்பார்கள்.

சிதம்பரத்துக்கும் ஓலைக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. முதலாம் இராசராசன் காலத்தில், தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி கண்டெடுத்தார் என்பதும், அவற்றுட் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்பதும் சைவ மரபு. நாம் ‘வாழ்த்து மடல்’ என்கிறோமே, மடல் என்னும் சொல்லே பனையை நினைவூட்டுவதன்றோ? அரசர் ஆணையும் ஓலையில் சென்றது, திருமணச் செய்தியும் ஓலையில் சென்றது.

பின்னர்த் தாள் வந்தது, அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சாயிற்று. கொள்ளிடத்துக்குத் தெற்கே, நமக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியில், செருமானியர் சீகன்பால்குவும் அவருடைய துணைவர்களும் 1713இல் தமிழ் அச்சுப் பணியைத் தொடங்கினர். அதே நூற்றாண்டில் வீரமாமுனிவர், எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டைப் புள்ளியை நம்பாமல் வடிவத்தாலேயே காட்டும் முறையை வகுத்தார். ஏகாரத்தின் காலும் ஓகாரத்தின் சுழியும் அவர் வழி வந்தவை. ஈய எழுத்திலோ புள்ளியை எழுத்தின் உடலோடு சேர்த்தே வார்த்துவிடலாம், அது உதிராது. ஓலையில் நலிந்த புள்ளி ஈயத்தில் உறுதி பெற்றது.

இனி வாழ்த்து அட்டையின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் தோன்றியது. அத்திட்டத்துக்கு உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல் என்பார், 1843இல் நண்பர் எல்லார்க்கும் கடிதம் எழுத நேரமின்றி, ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறித்துமஸ் வாழ்த்து ஒன்றை வரையச் செய்து ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டார். அச்சிட்ட பின் வண்ணம் தீட்டியது கையால்தான். விலை ஒரு ஷில்லிங். ஏழை வாங்கத்தக்கது அன்று. நம் நாட்டில் 1854இல் நாடு முழுமைக்கும் ஒரே அஞ்சல் கட்டணம் வந்தது. 1879இல் காலணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. பொங்கலைத் தமிழர் அனைவர்க்கும் உரிய திருநாள் என்று தமிழறிஞரும் திராவிட இயக்கத்தாரும் போற்றத் தொடங்கியபின், 20ஆம் நூற்றாண்டில் பொங்கல் வாழ்த்து வேரூன்றியது.

அதனை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது சிவகாசி. அவ்வூரினரான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டு அச்சிடப் பழகிய எந்திரங்கள் நாட்காட்டியையும் வாழ்த்து அட்டையையும் அச்சிடலாயின. 1970களில் நான் மாணவனாயிருந்தபோது, மார்கழி பிறந்தால் திருப்பாதிரிப்புலியூர்க் கடைவீதியில் சணற்கயிற்றில் வரிசையாக அட்டைகள் தொங்கும். கரும்பும் பானையும், காளையும் உழவனும், வள்ளுவர், அண்ணா, எம்.ஜி.ஆர்., சிவாசி என எல்லாரும் காற்றில் ஆடுவர். உறையை ஒட்டாமல் அனுப்பினால் அஞ்சற் கட்டணம் குறைவு. அதற்கும் காசில்லாத நாங்கள் பழைய திருமண அழைப்பிதழின் வெள்ளைப் பக்கத்தை அரைப் பிளேடால் வெட்டி, வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்து பூ அச்சு வைத்து, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுப்போம். கைப்பேசியில் நொடியில் வாழ்த்து பறக்கத் தொடங்கியபின் அக்கயிறுகள் மறைந்துவிட்டன. நான் அதற்கு ஒப்பாரி வைக்கப் போவதில்லை. ஆனால் கைப்பேசி வாழ்த்தை யாரும் பெட்டியில் பாதுகாத்து வைத்து நான் கண்டதில்லை.

வெட்டுபொறியின் குலமும் நெடியது. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துளையிட்ட அட்டைகளால் தறிக்குக் கட்டளையிட்டார். 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார், எண்களாற் கட்டளை பெற்று உலோகத்தைக் கடையும் பொறியைக் காட்டினர். நாசிக் கொடுமையிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த வியன்னா இளைஞர் ஜோசப் கெர்பர், 1960களின் இறுதியில் ஆயத்த ஆடைக்குத் துணி வெட்டும் கணிப்பொறியை அமைத்தார். பின்னர்ப் பெயர்ப்பலகை எழுத்து வெட்டும் பொறிகள் வந்தன. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டு மேசையில் வைக்கத்தக்க சிறு பொறி வந்தது.

அது செயற்படும் முறையை அறிய நம் வாயிற் கோலமே போதும். பெண்கள் முதலிற் புள்ளி வைக்கின்றனர். வரிசை இத்தனை, நிரை இத்தனை என்ற கணக்கில் கை ஓடுகிறது. கணிப்பொறியும் ஓர் உருவத்தின் விளிம்பை, இடமிருந்து இவ்வளவு, கீழிருந்து இவ்வளவு என எண்களாக வைத்திருக்கிறது. பொறியில் உருளை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்த, கத்தி இடமும் வலமும் நகர்கிறது. இரண்டும் ஒருங்கே நகர்ந்தால் வளைவு பிறக்கும். கத்தியின் முனை அதன் அச்சுக்குச் சற்றே பின்தங்கி நிற்பதால், தள்ளுவண்டியின் சிறு சக்கரம்போலச் செல்லும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. தமிழ் தெரியாத பொறி அது. கரும்புக்கும் ககரத்துக்கும் அதனிடம் வேறுபாடு இல்லை.

மறுநாட் காலை நான் பேத்தியிடம் ஒரு வழி கூறினேன். “எழுத்தை வெட்டி எடுக்காதே, எழுத்தைத் துளையாக வெட்டு, பின்புறம் மஞ்சள் தாளை ஒட்டு. புள்ளியும் துளையாகிவிடும். துளை எங்கே உதிரும்?” அவளும் வெட்டினாள். புள்ளி நான்கும் அழகாக நின்றன. ஆனால் ககரத்தின் வயிறு போயிற்று! வகர, ழகர, தகரங்களின் உள்ளே சூழப்பட்ட சிறு பகுதிகள் பிடிமானமின்றி விழுந்துவிட்டன. தாத்தாவின் அறிவுரை பாதிதான் பலித்தது.

அப்போது எனக்குப் பழைய சைக்ளோஸ்டைல் நினைவு வந்தது. மாதத் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்க, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு முனையால் எழுதுவோம். வட்டங்களைச் சற்று அழுத்திச் சுழித்தால் உள்வட்டம் பெயர்ந்துவிழும். படியெடுத்தால் அவ்விடம் கருமைத் திட்டாகத் தெரியும். ஒருமுறை ‘கடல்’ என்னும் சொல்லின் ககரம் முழுவதும் மையாகி, மாணவன் ஒருவன் அதை வரைபடத்தின் ஒரு பகுதி என்று எண்ணி விடை எழுதினான். ஆதலால் வட்டத்தை முழுதும் மூடாமல் மயிரிழை இடம் விட்டு எழுதப் பழகினோம். சாக்குமூட்டையிலும் சரக்குப் பெட்டியிலும் தகட்டை வைத்து எழுத்து அடிப்பவரும் அவ்வாறே எழுத்தின் குறுக்கே ஒரு சிறு பாலம் விடுவர். மதுராவில் கோயில் விழாவுக்குச் சாஞ்சி என்னும் காகித வெட்டோவியம் செய்பவர், கண்ணன் உருவம் முழுவதையும் இத்தகைய பாலங்களால் தாங்கச் செய்கின்றனர்.

பாலம் எங்கே வைப்பது என்பதைப் பொறி கூறாது. ககரத்தின் கொம்பில் வைத்தால் எழுத்து சிதையும். வளைவின் அடியில் வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. அவள் கணிப்பொறியில் ஓர் எழுத்துக்கு மும்முறை இடம் மாற்றிப் பார்த்தாள். ஒரு மில்லிமீட்டர் அகலம் போதாமல் அட்டை கிழிந்தது, ஒன்றரை ஆக்கினாள். பொறி வெட்டிய அட்டை கையால் செய்ததாகுமா என்று அவள் தாய் கேட்டாள். பிள்ளையின் மேசையைச் சுற்றிக் கிடந்த ஏழு கழிந்த அட்டைகளை நான் காட்டினேன்.

எட்டாவது அட்டை தேறியது. முகவரியைப் பேனாவால் எழுதி, அஞ்சல்தலை ஒட்டி அனுப்பினோம். போகிப் பண்டிகையன்று தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். வயது 80ஐக் கடந்தவர், இன்றும் எழுத்தெழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படிப்பவர்.

“எல்லாம் நன்றாயிருக்கிறது தம்பி. தகர ஒற்றின் புள்ளி மட்டும் மற்றவற்றிலும் சிறியதாயிருக்கிறதே, ஏன்?”

“துளையில் அட்டைத் துணுக்கு ஒன்று உதிராமல் நின்றிருக்கும், அக்கா. ஊசியால் குத்திவிடுங்கள்.”

“நீ சொல்லுமுன்பே ஊக்கால் குத்தி எடுத்துவிட்டேன்” என்றார்.