இல்லக் கல்வியும் மகாவித்துவான் பிள்ளையவர்களும்

சிவமயம்

மக்களைப் பாடசாலைக்குச் செலுத்தாது இல்லத்தின்கண் வைத்தே கற்பிக்க விரும்பும் பெற்றோர் இக்காலத்து ஆங்காங்கே உளர். இதனைப் புதிதாய்த் தோன்றிய முறையென ஒரு சாரார் இகழ்வர். பாடசாலையே வேண்டாவென மற்றொரு சாரார் புகழ்வர். இவ்விரு சாராரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழும் சைவமும் தழைக்க வாழ்ந்த ஒரு பெரியாரது வரலாற்றை நோக்குதல் நலமாம்.

திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டில் தோன்றினார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, அதவத்தூர் முதலிய ஊர்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வாழ்ந்தவர். ஆதலின் இவருக்கு இல்லமே கல்விச்சாலையும் தந்தையாரே முதலாசிரியருமாயினர். நெடுங்கணக்கு முதல் நிகண்டும் இலக்கணமும் ஈறாக அவரிடமே பயின்றார். இளமையிலேயே தந்தையாரை இழந்தும் இவரது கல்வி தடைப்பட்டிலது. கற்பித்தவர் நூல்களை மட்டுமன்றி, கற்கும் வேட்கையையும் மகனார் நெஞ்சில் ஊன்றிச் சென்றமையே அதற்குக் காரணமென்க.

பின்னர்த் திரிசிரபுரத்தில் எவரிடம் எந்நூல் உண்டெனக் கேள்வியுற்றாலும் அவரை அடுத்து வழிபட்டுப் பாடங் கேட்பாராயினர். அந்நகரில் இரந்துண்டு திரிந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லுநர் என அறிந்து, அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்கள்தோறும் உடன் சென்று, அவர் விரும்பியவற்றை அளித்து, அந்நூலைக் கற்றுக்கொண்டார். இரவலரையும் ஆசிரியராகக் கொண்ட இப்பணிவே பிற்காலத்து இவரை இருபத்திரண்டு தலபுராணங்கள் பாடிய பெரும்புலவராக்கிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் பட்டமும் பெற்றார்.

தாம் கற்ற முறையிலேயே பிறர்க்கும் கற்பித்தார். பொருள் பெறாது பாடஞ் சொன்னதோடு, மாணாக்கர் பலர்க்குத் தம் இல்லத்தே உணவும் அளித்தார். சிவபத்திச் செல்வராகிய இவரிடம் கிறிஸ்தவராகிய சவரிராயலு நாயகரும், இஸ்லாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் பாடங் கேட்டனர்.

இவர் மாணாக்கருள் தலையாயவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் (1855-1942). ஐயரவர்களின் தந்தையார், மகனாரது தமிழ்க் கல்வியின் பொருட்டே குடும்பத்தோடு ஊர் ஊராய்க் குடிபெயர்ந்தவர். அரியிலூர்ச் சடகோபையங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் முதலியோரிடம் பயின்றபின், ஐயரவர்கள் பிள்ளையவர்களை அடைந்து, 1876-இல் அவர் சிவபதம் எய்துங்காறும் உடனிருந்தார். பரீட்சை எழுதிப் பட்டம் பெறாத அவர், 1880-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராயினார். அப்பதவியில் அவர்க்கு முன்னிருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே.

அற்றேல், பாடசாலை வேண்டாவோ எனின், அற்றன்று. பிள்ளையவர்கட்குக் கற்றறிந்த தந்தையார் வாய்த்தார். ஐயரவர்கட்கு மகனார் கல்விக்காக எத்துன்பமும் பொறுக்கும் தந்தையார் வாய்த்தார். அவ்வாறு வாய்க்கப்பெறாத மக்கள் அக்காலத்தும் எண்ணிறந்தோர். பெண்மக்களும், ஏழைகளும், தாழ்த்தி ஒதுக்கப்பட்டோரும் பெரும்பாலும் ஏட்டையே தொடாது வாழ்நாட் கழித்தனர். இல்லத்தில் இல்லாததை எல்லார்க்கும் அளிப்பது பொதுப் பாடசாலையே. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848-இல் வண்ணார்பண்ணையிலும், 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியது இக்குறை நோக்கியேயாம்.

ஆதலின், இல்லத்தே கற்பிக்கப் புகும் பெற்றோர் தம்மையே வினவிக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. தமக்குத் தெரியாததை மகன் கற்க விரும்பும் நாளில், அது தெரிந்தவரை நாடி அவனை அழைத்துச் செல்ல இசைவரோ? மகளுக்கும் அவ்வாறே செய்வரோ? இசைவரேல் அவர் இல்லம் கல்விச்சாலையாம். பெற்றோர் அறிவின் எல்லையே பிள்ளையின் எல்லையாகுமாயின், அது காப்புப் போலத் தோன்றும் சிறையேயாகும். ஆன்மா தானே அறியமாட்டாது, அறிவிக்க அறிவது என்பது சித்தாந்தத் துணிபு. அறிவிப்பவன் எவ்வுருவில் எத்தெருவில் வருவான் என்பதை யாவர் அறிவார்? தண்டியலங்காரம் பிச்சைப் பாத்திரத்தோடு வந்ததன்றோ!

திருச்சிற்றம்பலம்.