தராசுக் கடையில் செய்தி

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கிற்று. மறுநாள் காலை சங்கரன்கோவில் பூச்சந்தையில் பிச்சிப்பூவுக்காக நாம் நின்றுகொண்டிருந்தோம். கடைக்கார அண்ணாச்சி மின்னணுத் தராசின் தட்டில் பூவைக் கொட்டியபடியே, "என்ன சார், நிலாவுல தண்ணி இருக்காம்லா? பாத்துக்கிட்டே இருங்க, எங்க தெருவுக்கு முந்தி அங்க குழா போட்ருவாங்க" என்றார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தோம்.

அன்று பிற்பகல் வகுப்பில் அதை அப்படியே எடுத்துச் சொன்னோம். அங்கும் நல்ல சிரிப்பு. அது அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அங்கே தண்ணீர் இருப்பது இங்கிருந்து எப்படி ஐயா தெரிந்தது?" என்று கேட்டாள். நமக்குத் தெரியவில்லை. தொல்காப்பியம் நடத்துகிறவனுக்கு அது தெரியாமற்போனது பெருங்குற்றம் ஆகாது. ஆனால், தெரியாத ஒன்றைப் பற்றிய நகைச்சுவைக்குக் காலையில் அவ்வளவு உரக்கச் சிரித்திருக்கிறோமே என்பது சற்று உறுத்தியது.

பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1இல் நாசா கொடுத்தனுப்பிய கனிம வரைபடக் கருவி ஒன்று இருந்தது. நிலவின் மண்ணில் பட்டுத் திரும்பும் வெயிலை அது நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில், ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், வரவேண்டிய ஒளி குறைந்து வந்தது. அவ்விடத்து ஒளியை விழுங்குகிறவை நீரும் அதன் உறவான ஹைட்ராக்சிலும். 2009 செப்டம்பரில் இச்செய்தி வெளியாயிற்று. ஒரு டன் மண்ணுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தேறலாம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். குளம் குட்டை ஏதும் கிடையாது, மணலோடு ஒட்டிக்கிடக்கும் ஈரம்தான்.

செய்தியை எடைபோடுகிற வேலை ஒருவருக்கும், அதை நகையாடுகிற வேலை வேறொருவருக்கும் என்று இன்று பிரிந்து கிடக்கிறது. முன்னவர் எழுதுவதை நாம் படிப்பதில்லை. பின்னவர் சொல்வதைப் பத்துப் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இரண்டு வேலையும் ஒரே கையில் இருந்த காலம் ஒன்று தமிழ் இதழியலுக்கு இருந்தது. அந்தக் கை நம் ஊருக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் பிறந்தது. பிற்காலத்தில் தெற்கே, தென்காசியைத் தாண்டிக் கடையத்தில் இரண்டாண்டு போலக் குடியிருந்தது. பாரதி என்றதும் காசிப் பேச்சைக் காஞ்சியில் கேட்கும் கருவியை மேடையில் எடுத்து வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நண்பர்கள் அஞ்ச வேண்டாம், அக்கருவியை நாம் இங்கே தொடப்போவதில்லை. நாம் பேச விரும்புவது, நாளேட்டுச் செய்தியோடு மல்லுக்கட்டிய பாரதியைப் பற்றி.

1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்குப் போய் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் துணையாசிரியர் ஆனார். (நம் தொழிலிலிருந்து தப்பித்தவர்களுள் முதல்வர் என்று சக ஆசிரியர்கள் பெருமூச்சு விடுவதுண்டு.) 1882இல் தொடங்கி 1899 முதல் நாளேடாக வந்துகொண்டிருந்த பத்திரிகை அது. அங்கே அவருக்கு வாய்த்த முதல் வேலை மொழிபெயர்ப்பு. உலகச் செய்தி ஆங்கிலத்தில் வரும். மாலைக்குள் அது தமிழாக வேண்டும். ஜப்பானுக்கும் ருஷ்யாவுக்கும் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. போர்ட் ஆர்தர் எங்கே இருக்கிறது என்று தெரியாத வாசகனுக்கு அதன் முற்றுகையைச் சொல்லவேண்டும். கருத்துரைப்பது அப்புறம்; முதலில் விளங்கவைக்கவேண்டும். இந்த ஒழுங்கு அவர் கையில் கடைசிவரை நின்றுவிட்டது என்பதே நம் எண்ணம்.

1906இல் தொடங்கிய 'இந்தியா' வார ஏட்டில் இதைத் தெளிவாகக் காணலாம். தமிழில் அரசியல் கருத்துப்படங்களை முதன்முதலாகத் தொடர்ந்து வெளியிட்ட ஏடு அது. அப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994இல் நூலாக்கினார். அவற்றைப் புரட்டுகிற இன்றைய வாசகனுக்கு முதலில் வியப்பூட்டுவது, படத்துக்குப் பக்கத்துணையாக வரும் சித்திர விளக்கம். கேலிச்சித்திரத்துக்கு உரை எழுதுவது நகைச்சுவையைக் கொன்றுவிடும் என்பார்கள். பாரதி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இவர் மார்லி, இவர் இன்னது செய்தார், ஆகவே இவரை இந்தக் கோலத்தில் வரைந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் சிரிக்க விடுவார். உரையாசிரியர் மரபில் வந்த மொழிக்கு அது ஒன்றும் புதிதில்லை.

'இந்தியா' 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடைவிழ, 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. அடுத்த சில வாரங்களில் வானத்தில் ஹாலி வால்மீன் தோன்றியது. அச்சமயத்து உலகச் செய்திகளுள் அதைவிட வேடிக்கையானது வேறில்லை. அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தார் பிப்ரவரியில் வால்மீனின் ஒளியில் சயனோஜென் என்னும் நச்சுவாயுவின் தடத்தைக் கண்டிருந்தனர். மே 18, 19இல் பூமி அந்த வாலுக்குள் புகுந்து வெளிவரும் என்பது கணக்கு. உலகத்து உயிர்களெல்லாம் அழிந்துவிடும் என்று பேச்சுப் பரவ, மேல்நாட்டில் வால்மீன் மாத்திரை என்று ஒன்றைச் சந்தையில் விற்றார்கள். மே 6இல் ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்தது வதந்திக்கு வாய்ப்பாகப் போயிற்று.

நாடுகடந்து வாழ்ந்த அந்த 27 வயதுக் கவிஞர் 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று ஒரு பாட்டெழுதினார். சாதாரண என்பது 1910 சித்திரையில் பிறந்த ஆண்டின் பெயர். அழிவின் சின்னமென்று உலகமே அஞ்சிய ஒன்றுக்குச் 'சாதாரண' என்ற அடைமொழி தானாக வந்து அமைந்ததை அவர் ரசித்திருப்பார் என்றே நினைக்கிறோம். தினைமணியின் தலையில் பனைமரம் நிற்பதுபோல் இருக்கிறது என்று நம் பக்கத்துக் கரிசல்காட்டு உவமை ஒன்றோடு பாட்டைத் தொடங்குகிறார். பிறகு செய்தி: வால் எத்தனையோ கோடி யோசனை நீளமுடையது, ஆயினும் மிக மிக மெல்லிய வாயுவால் ஆனது, பூமியைத் தீண்டிப் போனாலும் துன்பம் செய்யாது, 75 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். மேனாட்டுப் பத்திரிகைகள் பல சொல்லத் தவறிய அந்த மென்மையை, அந்த எடையின்மையை, ஆசிரியப்பாவில் வைத்திருக்கிறார். இவற்றையெல்லாம் அன்னியர் சொல்லக் கேட்டல்லவா அறிகிறோம், நம் நூல்களை மறந்தோமே என்று ஒரு குத்து. கடைசியில், உன் வரவால் உலகில் மாறுதல் விளையும் என்கிறார்களே, அது மெய்யா என்று வால்மீனிடமே கேள்வி. பூமி வாலைக் கடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனித் தராசுக்கு வருவோம். 1915 முதல் 'சுதேசமித்திர'னில் பாரதி 'தராசு' என்ற தலைப்பில் எழுதிய பகுதிகளை, அவருடைய கட்டுரைத் தொகுதிகளுள் நாம் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. ஒரு கடை இருக்கிறது. அங்கே ஒரு தராசு இருக்கிறது, அது பேசும். எலிக்குஞ்சுச் செட்டியார் வருவார், ஜிந்தாமியான் சேட் வருவார், இன்னும் யார் யாரோ வந்து கேள்வி கேட்பார்கள். தராசு நிறுத்துப் பார்த்து விடை சொல்லும். சில நேரம் ஒரே வரி. சில நேரம் கேட்டவரையே நிறுத்துவிடும். ஐரோப்பாவில் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலம். 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டமும் 1915இல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் பத்திரிகைகளின் தலைக்குமேல் தொங்கின. ஆள் பேசினால்தானே வழக்கு? தராசு பேசினால் யாரைப் பிடிப்பது?

இதைத் தந்திரம் என்று மட்டும் கொள்வது போதாது. விமரிசகனுக்கு உருவம் கொடுக்க விரும்புகிறவன் கிளியை வைக்கலாம், கோமாளியை வைக்கலாம், வேதாளத்தை வைக்கலாம். நம் மரபில் எல்லாம் இருக்கின்றன. பாரதியும் பிறிதோரிடத்தில் காக்கைகளைக் கூட்டிப் பார்லிமெண்டு நடத்தியவர்தாம். 1917இல் ருஷ்யாவின் ஜார் வீழ்ந்த செய்தியை அக்கதையில் காக்கைகளும் அறிந்திருக்கின்றன. ஆயினும் நாள்தோறும் வரும் செய்திக்கு அவர் தேர்ந்தது ஓர் அளவைக் கருவி. பழமையான அறிவியல் கருவிகளுள் எளியது அது. சந்தைக்குப் போகும் எவருக்கும் புரிவது. பொய் சொன்னால் உடனே அகப்பட்டுக்கொள்வதும் அதுவே. பூவை முழம்போட்டு வாங்கினால் யாருடைய கை என்ற வழக்கு வரும். தராசில் அந்த வழக்குக் கிடையாது. படிக்கல் சரியா என்ற ஒன்றே கேள்வி.

படிக்கல்லைப் பற்றி அவர் பட்ட பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சபையில் இருப்பவரைக் குறிக்கும் 'மெம்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடி, எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை நடுவிலேயே நிறுத்திவிட்டார். அவயவி பொருந்தவில்லை, அங்கத்தான் ஒட்டவில்லை, சபிகன் சரிதான், ஆனால் பொதுமக்களுக்குத் தெரியாது. அரைமணி நேரம் யோசித்தும் அகப்படவில்லை என்று வாசகரிடமே சொல்லி, இப்போதைக்கு 'மெம்பர்' என்றே போகட்டும் என்று விட்டுவிடுகிறார். சிரிக்காமல் இதைப் படிக்க முடியாது. கலைச்சொல்லாக்கக் குழுக்களில் இருந்து பார்த்தவர்கள் கொஞ்சம் அழவும் கூடும். நாம் இருந்து பார்த்திருக்கிறோம்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி கடலூரருகே சிறைப்பட்டு, விடுதலையானபின் கடையம் வந்துசேர்ந்தார். அங்கிருந்து 'சுதேசமித்திர'னுக்கு எழுதியவற்றுள் 'ரெயில்வே ஸ்தானம்' என்ற கதை 1920இல் வந்தது. தென்காசி ரயில் நிலையந்தான் களம். (சங்கரன்கோவிலுக்கு அப்போது ரயில் இல்லை, 1927இல்தான் வந்தது. இருந்திருந்தால் ஒருவேளை நம் ஊர் நிலையம் இலக்கியத்தில் ஏறியிருக்கும்.) மூன்று மனைவியரைக் கொண்ட ஒரு முஸ்லிம் பிரபுவின் குடும்பச் சிக்கலை வேடிக்கையும் இரக்கமுமாகச் சொல்லும் கதை அது. மனைவியர் மூவரையும் உடன்பிறந்தவர்கள் என்று எழுதிவிட்டார். அதைப் படித்த முஸ்லிம் நண்பர் ஒருவர், மனைவி உயிரோடு இருக்கையில் அவளுடன் பிறந்தவளை மணப்பது இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாது என்று எடுத்துச் சொன்னார்.

பாரதி செய்ததை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். கதைதானே என்று தள்ளியிருக்கலாம். கற்பனைக்கு இலக்கணம் கேட்பதா என்று சினந்திருக்கலாம், சினத்துக்குப் பெயர்போனவர்தாம். அவர் அந்தப் பிழையை அதே பத்திரிகையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார். பிறருடைய வாழ்க்கையை வைத்து நகையாடுகிறவன் அந்த வாழ்க்கையின் விவரத்தைத் தவறாகச் சொன்னால், நகை வேறு ஒன்றாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கதைக்குத் திருத்தம் வெளியிட்ட எழுத்தாளர்கள் தமிழில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு கைவிரல்கள் மிகுதி.

நகை சிறிதும் இல்லாமல் எழுதவேண்டிய இடமும் அவருக்குத் தெரியும். 1917 நவம்பர் 30இல் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தைத் திறந்துவைத்து ஜகதீச சந்திர வசு ஆற்றிய உரையை 'ஜீவ வாக்கு' என்று தமிழாக்கியபோது, குறுக்கே ஒரு கிண்டல் கிடையாது.

இந்த வழியில் பின்னால் வந்தவர்களைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. 1965இல் தில்லியில் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதத் தொடங்கிய சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். அறிவியல் செய்தியை ஒரு பத்தியில் விளக்கி, அடுத்த வரியில் அதைக் கவிழ்த்து விளையாடும் வித்தை அவரிடம் இருந்தது. அவசரத்தில் அவர் தராசு சில நேரம் ஆடியிருக்கிறது. ஆனாலும் தட்டில் எப்போதும் சரக்கு இருந்தது. 2008 பிப்ரவரி 27இல் அவர் மறைந்தபின், அவரைப்போல் எழுதுகிறவர்கள் பெருகினார்கள். நடை வந்தது. சரக்கைக் கொஞ்சம் தேடவேண்டியிருக்கிறது.

அந்த மாணவிக்கு அடுத்த வாரமே விடை சொன்னோம். பூக்கடை அண்ணாச்சிக்கும் சொல்லிவிடுவதே முறை என்று தோன்றியது. வெயில் திரும்பி வருவது, அதில் ஒரு நிறம் மட்டும் குறைவது, ஒரு டன் மண்ணுக்கு ஒரு லிட்டர் என்பதையெல்லாம் கூட்டமில்லாத ஒரு காலையில் பொறுமையாக எடுத்துரைத்தோம். கையில் இருந்த பூவைத் தட்டில் வைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஒரு டன்னுக்கு ஒரு லிட்டரா? எங்க தெருவுல தோண்டுனா அதைவிடக் கூட வருமே சார். அப்ப அங்க குழா போட மாட்டாங்க. சரி, கால்கிலோவா, அரைக்கிலோவா?"