ரயில் நிற்காத ஸ்ரேசன்கள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஜேர்மனிக்குப் போன சித்தப்பாமாரிடம், மாமாமாரிடம் எப்படிப் போனீங்கள் என்று கேட்டால் கனபேர் ஒரே வழியைத்தான் சொல்லுவினம். மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறகு ஒரு ரயில், இறங்கினால் மேற்கு பேர்லின். சின்ன வயசில எங்களுக்கு இது விளங்கினதே இல்லை. பேர்லினுக்கு நடுவால மதில் கட்டியிருந்தது, தாண்டப் போனவர்களைச் சுட்டார்கள் என்றல்லவா படித்தோம்? அப்ப இவர்கள் மட்டும் என்னெண்டு ரயிலில ஏறிப் போனவை?

இதற்கு விடை தேடப் போனால் நிலத்துக்குக் கீழே இறங்க வேண்டும்.

பேர்லினின் நிலக்கீழ் ரயில் 1902இல் ஓடத் தொடங்கியது. மதில் வந்தது 1961 ஆகஸ்ட் 13. மேலே ஒரு நகரத்தை ஒரே இரவில் முட்கம்பியால் பிரிக்கலாம், கீழே இருக்கும் சுரங்கங்களை அப்படிப் பிரிக்க ஏலாது. கிழக்கு மேற்காக ஓடின பாதைகளை நடுவில் வெட்டிவிட்டார்கள், அது சுலபம். சிக்கல் வடக்கு தெற்காக ஓடின மூன்று பாதைகளில்தான். இன்றைக்கு யூ6, யூ8 என்று சொல்லப்படும் இரண்டு, அவற்றோடு எஸ்-பான் எனப்படும் நகர ரயிலின் சுரங்கம். இவற்றின் இரண்டு அந்தங்களும் மேற்கில், நடுத்துண்டு கிழக்கில். முழுதாக மூடினால் மேற்கு பேர்லின்காரர் தங்கட நகரத்துக்குள்ளேயே போய்வர முடியாது. கடைசியில் ரயில் ஓடட்டும், கிழக்கில் நிற்கக் கூடாது என்று ஆகியது. யூ6, யூ8 பாதைகள் தன் நிலத்துக்குக் கீழால் போவதற்குக் கிழக்கு அரசு வருடாவருடம் வாடகை வாங்கியது, அதுவும் மேற்கு ஜேர்மன் மார்க்கில்.

இப்படி யூ6இல் ஐந்து, யூ8இல் ஆறு, எஸ்-பான் சுரங்கத்தில் நான்கு ஸ்ரேசன்கள் செத்துப்போயின. செத்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. கைவிடப்பட்ட ஸ்ரேசன் என்றவுடன் ஆளில்லாத இடம் ஒன்றுதான் எங்களுக்கு மனசில வரும். இவற்றில் ஆள் இருந்தது. மேடையில் செங்கல்லால் கட்டின சின்னக் கூடு, அதில் பார்க்கிறதுக்கு ஒரு ஒடுக்கமான கீலம், உள்ளே துவக்கோடு காவலர். சென்றி என்று நாங்கள் சொல்வமே, அதேதான். ஒருவனைத் தனியே விடமாட்டார்கள். ஏனென்றால் முதலில் ஓடக்கூடியவன் அவன்தான், நாலு எட்டு வைத்தால் மேற்கு ரயில். சில ஸ்ரேசன்களில் காவலரையே உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பயணிகளுக்குக் காவல் போட்ட அரசு, காவலுக்கும் காவல் போட வேண்டியிருந்தது.

மேலே தெருவில் வாசல்களைக் கட்டி அடைத்து, பெயர்ப்பலகைகளைக் கழற்றி, கிழக்கின் வரைபடங்களில் இருந்தும் அழித்துவிட்டார்கள். 1961க்குப் பிறகு பிறந்த ஒரு கிழக்குப் பிள்ளைக்குத் தன் தெருவுக்குக் கீழே ஒரு ஸ்ரேசன் இருப்பதே தெரியாமல் போகலாம், காற்றுத் துவாரங்களால் வருகிற இரைச்சலைத் தவிர. மேற்கின் வரைபடங்களில் அந்த ஸ்ரேசன்கள் இருந்தன, ரயில்கள் இங்கே நிற்பதில்லை என்ற குறிப்போடு. எல்லைக்கு முந்தின நிறுத்தத்தில், இதுதான் மேற்கு பேர்லினின் கடைசி ஸ்ரேசன் என்று அறிவிப்பு வரும். பிறகு ரயில் மெதுவாகும். மங்கல் வெளிச்சத்தில் ஒரு மேடை, சுவரில் 1961இல் ஒட்டின விளம்பரங்கள் அப்படியே, ஒரு தொப்பியின் நிழல். பேய் ஸ்ரேசன்கள் என்று பேர்லின் சனம் பெயர் வைத்தது.

இதுக்குள்ளாலயும் தப்பினார்கள். 1980இல் கிழக்கு நிலக்கீழ் ரயிலில் வேலை செய்த ஒருவர், தனக்குத் தெரிந்த ஒரு இணைப்புச் சுரங்கத்தால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு யூ8 தண்டவாளத்துக்கு நடந்து வந்தார். வந்துகொண்டிருந்த மேற்கு ரயிலின் சாரதி நிற்பாட்டி ஏற்றிக்கொண்டு போனார்.

எஸ்-பான் கதை கொஞ்சம் வேறு. மேற்கிலும் அதைக் கிழக்கின் ரயில்வேதான் நடத்தியது. ஆகவே மதில் வந்ததும் மேற்குச் சனம் அதில் ஏறாமல் பகிஷ்கரித்தது. நீ வாங்குகிற ரிக்கெற் முட்கம்பிக்குப் போகுது என்பதுதான் கோஷம். 1984 ஜனவரியில் மேற்கின் போக்குவரத்து நிறுவனம் பொறுப்பெடுக்கும்வரை பெட்டிகள் பெரும்பாலும் வெறுமையாகவே ஓடின. கோபம் நியாயமானதுதான். ஆனால் யூ6இல் ஏறினாலும் காசு வாடகையாகக் கிழக்குக்குத்தான் போனது, அதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

இனி எங்கட கதைக்கு வருவம். மேற்கு ரயில்கள் கிழக்கு நிலத்தில் நின்ற ஒரே நிலக்கீழ் ஸ்ரேசன் பிரீட்ரிக்ஸ்ட்ராஸ. மேலே ஒரு எஸ்-பான், கீழே இன்னொரு எஸ்-பான், யூ6 வேறு. மேற்குக்காரர் ஒரு ரயிலால் இறங்கி மற்றதில் ஏறலாம், ஒரு சோதனையும் இல்லை. மேடையிலேயே இன்டர்ஷொப் என்று வரியில்லாத கடை, மலிவுச் சாராயமும் சிகரெட்டும். அங்கேயும் கிழக்கு வாங்கியது மேற்கின் காசைத்தான். கிழக்கில் இருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதிக்க 1962இல் பக்கத்தில் ஒரு மண்டபம் கட்டினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அங்கே நின்று அழுததால் அதன் பெயர் கண்ணீர் மாளிகை ஆனது. இப்போது அது அருங்காட்சியகம்.

மேற்கின் நிலைப்பாடு, பேர்லின் ஒரே நகரம், நடுவில் இருப்பது நாட்டெல்லை அல்ல என்பது. அதனால் ரயிலால் இறங்குகிறவர்களிடம் கடவுச்சீட்டுக் கேட்க முடியாது. கேட்டால் எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கிழக்கோ ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு இடைவழி விசா கொடுத்தது. 83 ஜூலைக்குப் பிறகு எங்கட சனம் ஆயிரக்கணக்கில் இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த இடைவெளியால் போனது. கிழக்கு ஜேர்மன்காரர் சுடுபட்ட அதே எல்லையை, யாழ்ப்பாணத்தில் இருந்து போனவர்கள் ரிக்கெற் எடுத்துக் கடந்தார்கள்.

யூ6இல் தெற்கே போனவர்கள் பிரான்சோசிஷ ஸ்ட்ராஸ, ஸ்டட்மிட்ட என்ற இரண்டு பேய் ஸ்ரேசன்களை யன்னலால் பார்த்திருப்பினம். இருட்டில் ஒருவன் துவக்கோடு நிற்பதைக் கண்டு, ஊரில் விட்டிட்டு வந்தது இங்கயும் நிக்குதே என்று யாராவது நினைத்திருக்கலாம்.

மேற்கு ஜேர்மனி நெருக்கியது. 1985 ஜூலையில், போகிற நாட்டு விசா இல்லாத இலங்கைத் தமிழருக்கு இனி இடைவழி இல்லை என்று கிழக்கு அறிவித்தது. அதே மாதம் இரண்டு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வர்த்தகத்தில் கிழக்குக்கு இருந்த வட்டியில்லாக் கடன் எல்லை 850 மில்லியனாக உயர்ந்தது. மற்ற நாட்டவருக்கும் அந்த வழி அடைபட்டது அடுத்த வருடம், 1986இல். கதவு முதலில் சாத்தப்பட்டது எங்கட முகத்தில்தான்.

1989 நவம்பர் 9 மதில் திறந்தது. இரண்டு நாள் கழித்து யானோவிட்ஸ்புருக்க, டிசம்பர் 22 ரோசன்தாலர் பிளாட்ஸ், 1990 ஜூலை 1 ஆகும்போது யூ6, யூ8 முழுக்க. கடைசியாகப் பொட்ஸ்டாமர் பிளாட்ஸ் எஸ்-பான், 1992 மார்ச். நோர்ட்பான்ஹோவ் ஸ்ரேசனில் இந்த வரலாறு ஒரு கண்காட்சியாக இருக்கிறது.

பிரான்சோசிஷ ஸ்ட்ராஸ மட்டும் 2020 டிசம்பர் 4 திரும்பவும் மூடப்பட்டது. கிட்டத்தில் உன்டர் டென் லின்டன் என்ற புதிய சந்திப்பு நிலையம் திறந்ததுதான் காரணம். யூ6 பழையபடி நிற்காமல் போகிறது, இந்த முறை சென்றி இல்லை. உங்கட வீட்டில் அந்த வழியால் போனவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பிரீட்ரிக்ஸ்ட்ராஸயில் மேலே ஏறினவையா, கீழே இறங்கினவையா என்று. கீழே இறங்கித் தெற்கே போனவர்கள் அந்த ஸ்ரேசனைக் கண்டிருப்பினம்.